கிந்தாவில் குடியிருக்க ஏற்ற ஊர் எது?

1937இல் மலாயாவின் பேராக் மாநிலத்தின் தலைநகர் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. அரசுக் கோப்புகளில் அது ஒரு நிர்வாக மாற்றம். ஆனால் ஈப்போ அமைந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே அரை நூற்றாண்டாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது: இங்கே மனிதர் குடியிருக்க ஏற்ற ஊர் எது? வெள்ளை அதிகாரிகள் பத்து காஜா என்றார்கள். சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஈப்போ, கம்பார், கோப்பெங் என்று ஈயம் கிடைத்த திசையெல்லாம் ஊர் அமைத்தார்கள். ரப்பர்த் தோட்டத்துத் தமிழரை யாரும் கேட்கவில்லை. கப்பலை விட்டு இறங்கும்போதே அவர்களுக்கான லயம் என்ற தோட்டத்து வரிசைவீடு முடிவாகியிருந்தது.

மேற்கே கிளேடாங் மலைத்தொடர், கிழக்கே தித்திவங்சா, நடுவே தெற்கு நோக்கி ஓடிப் பேராக் ஆற்றில் சேரும் கிந்தா ஆறு. தாழ்நிலம் ஈயத்துக்கு, ஓரத்து மேடுகளும் சரிவுகளும் ரப்பருக்கு என்று நிலம் பங்கு பிரிந்தது. இன்று ஈயம் இல்லை. பால்மரம் பெரும்பாலும் செம்பனைக்கும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் விட்டுவிட்டது. கேள்வி மட்டும் தீரவில்லை. இதுவரை வந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் அதைச் சொன்னவரின் நிலைக்கு ஏற்றதாகவே இருக்கிறது. ஊரை ஊரோடு நிறுத்தி ஒப்பிடும் முறை இந்தப் பள்ளத்தாக்குக்கு எந்த அளவு பொருந்தும் என்ற ஐயமும் எழுகிறது.

மேட்டில் வீடு, பள்ளத்தில் தொழில்

முதல் விடை சுகாதாரம் சார்ந்தது. வெப்ப நாட்டில் ஐரோப்பியர் பிழைத்திருக்க உயரமான இடமும் நல்ல வடிகாலும் வேண்டும் என்பது அக்காலத்து மருத்துவ நம்பிக்கை. மலேரியா மிரட்டிய காலத்தில் அதற்கு ஓரளவு நியாயமும் இருந்தது. பத்து காஜாவின் சங்காட் குன்றில் அதிகாரிகளின் பங்களாக்களும் நீதிமன்றமும் மருத்துவமனையும் எழுந்தது இந்தக் கணக்கில்தான். கீழே ஈப்போவோ 1892இல் பெருந்தீயில் பாதிக்கு மேல் எரிந்து, கட்டம் போட்ட தெருக்களோடு மீண்டும் எழுந்தது. 1926இல் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அப்படியிருந்தும் மக்கள் ஈப்போவுக்கே வந்தார்கள். வேலையும் வியாபாரமும் அங்கேதான் இருந்தன. 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் நிலையம், ஆர்தர் பெனிசன் ஹபக் வரைந்த வெள்ளைக் கட்டடம், அந்தப் போட்டியை ஏறத்தாழ முடித்துவைத்தது.

உடம்புக்கு நல்ல ஊரைத் தேர்ந்தவர்கள் பிழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை, அதற்கான அவசியமும் அவர்களுக்கு இல்லை. சம்பளம் எப்படியும் வந்துகொண்டிருந்தது. கிந்தா மாவட்ட நில அலுவலகம் இன்றும் பத்து காஜாவில் இருப்பது அந்தத் தேர்வின் மிச்சம். ஈப்போவில் வீடு வாங்கியவரும் பட்டா வேலைக்குப் பத்து காஜாவுக்குப் போக நேரலாம்.

தோட்டம் என்ற முழு ஊர்

இரண்டாவது விடை, தோட்டமே போதுமான ஊர் என்பது. முதலில் இதைச் சொன்னவர்கள் தோட்ட நிர்வாகங்கள். பின்னாளில், வேறு காரணத்துக்காக, தோட்டத்தை இழந்தவர்களும் சொன்னார்கள்.

விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. பிறகு நெற்றி விளக்கோடு பால் வெட்டு. கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில். பால் நிறுத்து முடிந்தால் வீடு நடை தூரம். மருந்துக்கொட்டகை, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், திடல், மளிகைக்கடை, கள்ளுக்கடை எல்லாம் அதே எல்லைக்குள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. பேராக்கில் இன்றும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருப்பதன் வேர்களில் ஒன்று அந்த விதி. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஈவுட், எல்பில், டவன்பி எனத் தோட்டங்களின் பெயரிலேயே பள்ளிகள் நடக்கின்றன. தோட்டம் தாமானாகிவிட்ட பிறகும் பள்ளிப் பலகையில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற சொல் அழியாமல் நிற்பது மாநிலம் முழுக்கக் காணக்கூடிய காட்சி.

இன்றைய நகரத் திட்டமிடுவோர் கால்மணி நேர நடைக்குள் எல்லா வசதியும் உள்ள பேட்டைகளைப் பெரிதாகப் பேசுகிறார்கள். தூரத்தை மட்டும் அளந்தால் பழைய தோட்டம் அந்தத் தேர்வில் சுலபமாகத் தேறியிருக்கும். ஆனால் அந்த வசதி ஒவ்வொன்றின் சாவியும் துரையிடமும் கிராணியிடமும் இருந்தது. வீடு வேலையோடு பிணைந்தது: வேலை போனால் வீடும் போகும், வயதாகி ஓய்வு பெற்றாலும் போகும். மருந்துக்கொட்டகை இருந்தது, மருத்துவர் எப்போதாவது வந்தார். பள்ளி இருந்தது, அது பெரும்பாலும் பிள்ளையைத் திரும்பவும் பால்மரத்தடிக்கே அனுப்பியது. ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்ட ஆய்வு தொடங்கிப் பல ஆய்வாளர்கள் இந்த மூடிய அமைப்பையே சுட்டினார்கள்.

தோட்டமே போதுமான ஊர் என்ற நிலைப்பாட்டுக்கு இரண்டாம் உயிர் கொடுத்தது வெளியேற்றம். ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014இல் வெளியிட்ட நூல் போன்றவை, இடிபட்ட கோயில்களையும் காலி செய்யப்பட்ட லயங்களையும் நீதியின் கேள்வியாக எடுத்துக்கொண்டன. தோட்டத்தை நினைத்து ஏங்குபவர் கங்காணியின் அதிகாரத்தை நினைத்து ஏங்குவதில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அரிசி வாங்கிய வாழ்க்கையையே அவர் கேட்கிறார். இதை வெறும் பழங்கனவு என்று தள்ளுவது அவசரம். அதற்காகத் தோட்டம் வாழத்தகுந்த ஊராக இருந்தது என்று முடிவு கட்டுவதும் அதே அளவு அவசரம். ஒரே நிலத்தில் அருகாமையும் அடிமைத்தனமும் கலந்து கிடந்தன. பிரித்து மதிப்பெண் போடும் முறையை ஆய்வுலகம் இன்னும் திருப்தியாகக் கண்டுபிடிக்கவில்லை.

தோட்டம் கலைந்த விதம்

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை உங்கு அஜீஸ் தலைமையில் ஆராய்ந்த அறிக்கை, வேலையும் வீடும் சேர்ந்தே பறிபோனதை ஆவணப்படுத்தியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அதற்குக் கண்ட மாற்று, தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்குவது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. நிலம் கையில் இருந்தால்தான் ஊர் நம்முடையது என்ற வாதம் அது. குடியிருப்புத் தகுதியைப் பற்றித் தோட்டத் தமிழரின் பக்கத்திலிருந்து அமைப்பு ரீதியாக வைக்கப்பட்ட விடைகளில் இதுவே வலுவானது என்று தோன்றுகிறது. கூட்டுறவால் பல தோட்டங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் தனிக் குடும்பத்துக்குத் தனி வீட்டுப் பட்டா என்பது வேறு கதை.

பிறகு ரப்பர் விலை சரிந்தது, செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். வந்த ஆளும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளி. 1990இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தபோது, அது காக்க வேண்டிய குடும்பங்களில் பல ஏற்கெனவே பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்திருந்தன. சிலர் மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள், சிலர் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். எந்த ஊர் என்பதை அவர்களுக்குக் காட்டியது தரப்பட்டியல் அல்ல. ஏற்கெனவே போயிருந்த அண்ணனோ சித்தப்பாவோ காட்டிய இடம்.

பட்டியல்களும் அவற்றின் பிறப்பும்

உலகப் பட்டியல்களில் பெயர் பெற்றது எகனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவின் நகரக் குறியீடு. நிலைத்தன்மைக்கும் பண்பாடு-சுற்றுச்சூழலுக்கும் தலா 25 விழுக்காடு, மருத்துவத்துக்கும் கட்டமைப்புக்கும் தலா 20, கல்விக்கு 10. இந்த வகைப் பட்டியல்கள், வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் அதிகாரிக்கு எவ்வளவு சிரமப்படி கொடுப்பது என்ற நிறுவனக் கணக்கோடு நெருக்கமானவை. ஈப்போவாசியின் கேள்வி அதில் இல்லை; மலேசியாவிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பது கோலாலம்பூர்.

உள்நாட்டில் மத்திய நகர்-கிராமத் திட்டமிடல் துறை குறியீடுகளைத் திரட்டி உள்ளூராட்சிகளைத் தரம் பிரிக்கிறது. இது நம் மண்ணுக்கு நெருக்கமானது. ஆனாலும் அளவெடுக்கும் அலகு உள்ளூராட்சியின் எல்லைதான், அங்கேதான் சிக்கல். ஈப்போ மாநகர் மன்றத்தின் எல்லை 643 சதுர கிலோமீட்டர். அதற்குள் பழைய நகரின் காப்பிக்கடைத் தெருவும் இருக்கிறது, சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துப் பழைய தோட்ட நிலங்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சராசரி எடுத்தால் அந்த எண் இரண்டு இடத்தையும் சரியாகச் சொல்லாது.

எல்லைக்கோடு வெறும் காகிதமும் இல்லை. 2020 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் மாநகர், நகராண்மை எல்லைகளுக்குள் 1,200 ரிங்கிட், பிற இடங்களில் 1,100 என்று பிரிக்கப்பட்டது. ஈப்போ மேல்வரிசையில் வந்தது. கோலகங்சார் நகராண்மையின் கீழ் இருப்பதால் சுங்கை சிப்புட்டும் வந்தது. மாவட்ட மன்றங்களான கம்பாரும் பத்து காஜாவும் வரவில்லை. ஈப்போவிலிருந்து பைக்கில் அரைமணி நேரத்தில் எட்டக்கூடிய பத்து காஜாவில் அரிசி விலை 100 ரிங்கிட் குறைந்தா விற்றது? 2022இல் எல்லா இடத்துக்கும் 1,500 என்று ஆக்கியபோது அந்தப் பிரிவினை பெரும்பாலும் ஒழிந்தது.

வீட்டு விலைக்கு இன்னொரு அளவு உண்டு. இடைநிலைக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இடைநிலை வீட்டு விலை இருந்தால் தாங்கக்கூடியது என்ற இந்த அளவைக் கசானா ஆய்வுக் கழகம் 2015இல் பரவலாக்கியது. விலையை மட்டும் பார்த்தால் கிந்தா மலிவு. அதே கணக்கில் வருமானத்தை வைத்தால் அந்த மலிவு சுருங்குகிறது: 2022இல் நாட்டின் இடைநிலைக் குடும்ப மாத வருமானம் 6,338 ரிங்கிட், பேராக் அதற்கு நன்றாகவே கீழே இருந்தது.

ஈப்போ: மலிவு யாருடைய வருமானத்துக்கு?

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்தது. ஈய விலை விழுந்தது. கிந்தாவின் லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மூன்றே ஆண்டில், 1988 மே மாதம், ஈப்போ மாநகர் ஆனது. தொழில் போய்ப் பட்டம் வந்தது என்று அப்போதே யாராவது சலித்திருந்தால் ஆச்சரியமில்லை.

இன்று ஈப்போவைப் புகழ்பவர் சொல்வது மூன்று: நெரிசல் இல்லை, சாப்பாடு நன்று, வீடு மலிவு. லோன்லி பிளானட் 2016இல் ஆசியாவில் பார்க்க வேண்டிய இடங்களில் ஆறாவதாக ஈப்போவைச் சேர்த்தது. 2010 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் கோலாலம்பூரை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்தது. ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை மாநிலத்தின் முதன்மை அரசு மருத்துவமனை. ஓய்வூதியக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த வாதத்தின் பலவீனமும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வெளியூரில் சம்பாதித்து இங்கே செலவழிப்பவருக்குத்தான் ஈப்போவின் மலிவு முழுதாகக் கிடைக்கிறது. மலேசிய மாநிலங்களில் முதியோர் விகிதம் மிகுந்தது பேராக் என்பதைப் புள்ளியியல் துறை திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. வாழத்தகுந்த ஊர் என்பதால் முதியோர் வந்து சேர்ந்ததன் அடையாளமாகவும் அதைப் படிக்கலாம், பிழைக்க வழியில்லாமல் இளையோர் வெளியேறியதன் அடையாளமாகவும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்புக்கே எடை கூடுதல் என்பது என் எண்ணம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் அனுப்பும் பணத்தை நீக்கிவிட்டு ஊரின் மலிவைக் கணக்கிட்டால் என்ன வரும் என்பதே நேர்மையான சோதனை.

ஈப்போ என்று பொதுவாகச் சொல்லும்போது மறைந்துபோகும் பேட்டை புந்தோங். நாட்டின் சட்டமன்றத் தொகுதிகளில் இந்திய வாக்காளர் விகிதம் மிக உயர்ந்ததாகப் பேசப்படும் இடம். இங்குள்ள கச்சாங் பூத்தே கிராமத்தில் வீட்டின் பின்கட்டே தொழிற்கூடம்: அடுப்பில் முறுக்கும் ஓமப்பொடியும் பொரியும், பெரிய தட்டுகளில் கடலை ஆறும், முன்கூடத்தில் பொட்டலம் கட்டுவார்கள், மதியத்துக்குள் வண்டி வந்து எடுத்துப் போகும். வேலையும் வீடும் இங்கேயும் ஒரே இடத்தில்தான், ஆனால் அடுப்பு அவர்களுடையது. தைப்பூசத்தின்போது புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் ஊர்வலம் குனோங் சேரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறது. தோட்டத்து அருகாமையைத் தோட்டத்து அதிகாரம் இல்லாமல் பட்டணத்துக்குள் ஓரளவு மீட்ட இடமாக இதைக் கொள்ளலாம். குற்றச்செயல், பழைய வீடுகள், வெள்ளம் என்று புந்தோங்கின் பெயரோடு ஒட்டிய புகார்களும் பொய்யல்ல. நகரக் குறியீடு இந்த இரண்டாவது பக்கத்தை எண்ணும், முதல் பக்கத்தை எண்ணத் தெரியாது.

சிற்றூர்களின் வாதம்

கம்பாரின் திருப்பம் 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகத்தோடு வந்தது. பழைய ஈயக்குட்டைகளைச் சுற்றி மாணவர் விடுதிகளும் கடைவரிசைகளும் எழுந்தன. 2009இல் கம்பார் தனி மாவட்டமானது. வாடகை வாங்குபவருக்கு இது பொற்காலம். வாடகை கொடுக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கு அப்படியா என்பது சந்தேகம். விடுமுறை மாதங்களில் ஊர் பாதியாகிவிடும். படிக்க ஏற்ற ஊர் என்ற பெயர் சரி. படித்து முடித்தவருக்கு அங்கே வேலை குறைவு.

பத்து காஜாவுக்கு வருவோர் பார்த்துவிட்டுப் போவது வில்லியம் கெல்லி ஸ்மித் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு கட்டி, 1926இல் அவர் இறந்ததால் முடியாமல் நின்ற மாளிகையை. ஊரின் உண்மையான பலம் வேறு: ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைதியும் ரயில் நிறுத்தமும் அரசு அலுவலகங்களும் மருத்துவமனையும்.

சுங்கை சிப்புட் புவியியல்படி கிந்தாவுக்குச் சற்று வெளியே இருந்தாலும் இந்த ஒப்பீட்டில் விட முடியாத ஊர். 1948 ஜூன் 16 அன்று அங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டதோடு அவசரகாலம் தொடங்கியது. சுற்றுவட்டாரமே முள்வேலிக்குள் போனது. சம்பந்தன் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் ஊரின் பெருமை. 1974 முதல் 2008 வரை ச. சாமிவேலு அத்தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர், அதிலும் நெடுங்காலம் அமைச்சர். அமைச்சரின் தொகுதியாக இருந்தும் இளையோர் வேலைக்கு ஈப்போவுக்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டியிருந்தது. 2008இல் அவரை மருத்துவர் ஜெயக்குமார் தோற்கடித்ததற்கான காரணங்களில் இதையும் சேர்க்கலாம்.

சிற்றூர் பெருநகரத்தைவிட மேலா என்று கேட்பதே தவறு என்பார் வால்டர் கிறிஸ்டாலரைப் பின்பற்றுவோர். 1933இல் தென்ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்த அவர், ஊர்கள் படிவரிசையில் இயங்குகின்றன என்றார்: உப்பு புளிக்குச் சிற்றூர், அறுவைச் சிகிச்சைக்குப் பெருநகர். கிந்தாவில் இது கண்கூடு. சிம்மோரில் வீடு, மெங்லெம்பு தொழிற்பேட்டையில் வேலை, பைனுன் மருத்துவமனையில் தந்தையின் சிறுநீரகப் பரிசோதனை, பழைய தோட்டத்துக் கோயிலில் ஆண்டுத் திருவிழா என்று வாழும் குடும்பத்துக்கு எந்த ஊரின் மதிப்பெண்ணைக் கொடுப்பது? கிறிஸ்டாலர் கணக்கு ஒன்றை எளிதாக்கிவிடுகிறது: தூரத்தைக் கடக்க எல்லோராலும் முடியும் என்று. பைக் இல்லாத மூதாட்டிக்கும், இரவு முறை முடிந்து பஸ் இல்லாமல் நிற்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் 15 கிலோமீட்டர் என்பது வேறு நீளம்.

மண்ணில் கிடப்பது

ஈயத்தோடு கிடைத்த மோனசைட்டிலிருந்து அரிய மண் பிரித்த ஆலை ஒன்று 1982இல் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. கதிரியக்கக் கழிவு குறித்து மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தானது. 1994இல் நிறுவனமே மூடிக்கொண்டது. அதற்கு முன்பே, 1973இல் குனோங் சேரோவில் சுண்ணாம்புப் பாறை சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். கல்லுடைப்பு இன்றும் பல குன்றுகளில் நடக்கிறது. ஊர் அழகுக்கு மதிப்பெண் வாங்கித் தருவதும் தூசிக்குக் காரணமாவதும் அதே சுண்ணாம்புக் குன்றுகள்தாம். சூழல் ஆபத்தை வைத்து ஊரை மதிப்பிடும் நிலைப்பாடு பிறவற்றைவிட உறுதியான தரவோடு பேசுகிறது; ஆனால் ஆபத்து உள்ள இடத்தில்தான் நிலம் மலிவு என்பதால், ஏழை ஏன் அங்கே போகிறார் என்பதற்கு அதனிடம் தனி விடை இல்லை.

யாரிடம் கேட்பது

ஒருகாலத்தில் ஈப்போவாசிகள் ஊரின் தகுதி பற்றிய கேள்விக்கு ஓட்டுப் போட்டு விடை சொன்னார்கள். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ நகராட்சியைக் கையில் வைத்திருந்தது. தெருச் சுத்தமும் சந்தையும் தேர்தல் பிரச்சினைகளாயின. 1965இல் உள்ளூராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் மீண்டும் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. அன்றிலிருந்து ஊரின் தகுதியைக் குடியிருப்பவர் தீர்மானிப்பது குறைந்து, குறியீடு தீர்மானிப்பது கூடியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நிறுவுவது கடினம். காலம் மட்டும் ஒத்துப்போகிறது.

இன்னும் திறந்திருப்பவை

கையிலுள்ள சான்றுகளை வைத்து இவ்வளவு சொல்லலாம். ஓய்வுக்காலத்துக்கும் நோய்க்காலத்துக்கும் ஈப்போ முன்னே நிற்கிறது. பிள்ளை வளர்க்கும் குடும்பத்துக்கு, மாத வருமானம் நிலையாக இருக்கும்வரை, பத்து காஜா போன்ற ஊர் அதற்குச் சளைத்ததல்ல. இருபது வயதில் வேலை தேடுபவருக்குப் பள்ளத்தாக்கின் எந்த ஊரும் இன்னும் போதுமான விடை தரவில்லை. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களைப் பொறுத்தவரை, எந்த ஊரில் குடியேறினார்கள் என்பதைவிடச் சொந்தப் பட்டாவோடு குடியேறினார்களா என்பதே அடுத்த தலைமுறையின் நிலையைத் தீர்மானித்திருக்கக் கூடும். இது இப்போதைக்கு ஓர் ஊகம்தான். 1980களில் ஒரே தோட்டத்திலிருந்து புறப்பட்டு, சிலர் மலிவு விலை வீட்டுக்கும் சிலர் புறம்போக்குக்கும் போன குடும்பங்களை இன்று வரை தொடர்ந்து பார்த்தால் இதைச் சோதிக்க முடியும். அந்தக் குடும்பங்களின் முதல் தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

வாரநாளில் கோலாலம்பூரிலும் வார இறுதியில் ஈப்போவிலும் வாழ்பவர்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பதும் தீரவில்லை. அவர்கள் வாங்கும் வீடுகளால் சிம்மோர், மேரு பக்கத்து விலை ஏறினால், அங்கேயே வேலை செய்பவருக்கு அந்த ஊர் இன்னும் வாழத்தகுந்ததாக இருக்குமா என்பதை அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகே ஓரளவு உறுதியாகப் பேச முடியும்.